நிலையில்லாத வானிலையில் அமெச்சூர் ஏரோபாட்டிக்ஸ் போட்டி நடத்துவது எப்படி

நான் முதன்முறை ஒரு ஏரோபாட்டிக்ஸ் (விமானத்தில் குட்டிக்கரணம் போன்ற வான்சாகசம்) போட்டியின் பொறுப்பை ஏற்ற அந்தச் சனிக்கிழமை, விடியும்போதே மேகம் தலைக்கு மேல் போர்வை மாதிரி படுத்துக் கிடந்தது. மதியம் இரண்டரை மணிக்குத்தான் கலைந்தது. அந்த நேரம் பார்த்து நடுவர்களில் மூன்று பேர் சாப்பிட வெளியே போயிருந்தார்கள். காலையில் இருந்த காற்று திசை மாறிவிட்டிருந்தது, அந்தத் திசைக்கான பறப்புப் படத் தாள்கள் அச்சடிக்கப்படவே இல்லை. முதல் விமானம் மேலே ஏறியபோது மணி நாலு. பதினொரு பேரில் ஏழு பேர் பறந்து முடித்ததும் மழை பிடித்துக்கொண்டது. எட்டாவது விமானி ஓடுபாதை முனையில் எஞ்சினை ஓடவிட்டபடி காத்திருந்தார். மறுநாள் முழுக்க மழை. சுற்று முழுமையாகாததால் பறந்த ஏழு பேரின் மதிப்பெண்ணும் செல்லாமல் போனது.

வானம் எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் கொடுத்தது. அதைத் தரையில் இருந்த நாங்கள்தான் தொலைத்தோம். அதற்குப் பிறகு நடத்திய போட்டிகளில் நான் மாற்றிக்கொண்டது எல்லாம் இந்த ஒரே விஷயத்தைச் சுற்றித்தான்: வானம் எப்போது திறந்தாலும் இருபது நிமிடத்தில் முதல் விமானம் பாக்ஸுக்குள், அதாவது போட்டிக்கென ஒதுக்கிய வான்பெட்டிக்குள், இருக்க வேண்டும். நீங்கள் முதல்முறை நடத்தப்போகிறீர்கள் என்றால், கீழே உள்ள வரிசையிலேயே வேலையைத் தொடங்குங்கள்.

ஒரு முன்குறிப்பு. உலகப் போட்டிகளுக்கு எஃப்.ஏ.ஐ. என்ற உலக வான்விளையாட்டு அமைப்பின் சிவா ஆணையம் விதி எழுதுகிறது. அமெரிக்காவில் ஐ.ஏ.சி. என்ற சங்கத்தின் விதிநூல் இருக்கிறது. மற்ற நாட்டுச் சங்கங்களும் இவற்றை ஒட்டியே தங்கள் விதிகளை வைத்திருக்கின்றன. எதன் கீழ் நடத்துகிறீர்களோ, அந்த நூலின் நடப்பு ஆண்டுப் பதிப்பை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். விதிகள் ஆண்டுதோறும் திருத்தப்படும். போன வருடத்து நினைவை நம்பி மைக்கில் எதையும் அறிவிக்காதீர்கள்.

1. எத்தனை மணி நேர வானம் வேண்டும் என்று கணக்குப் போடுங்கள்

தேதி குறிப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. ஒரு விமானி பாக்ஸுக்குள் வந்து, இறக்கையை ஆட்டித் தொடக்கத்தைக் காட்டி, தன் வரிசையை (ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய வேண்டிய வட்டம், சுழற்சி போன்ற உருவங்களை) முடித்து, வெளியே போக, அடுத்தவர் உள்ளே வர எட்டு முதல் பத்து நிமிடம் ஆகும். ஆக, மணிக்கு ஆறு அல்லது ஏழு பேர். இருபது விமானிகள், ஆளுக்கு மூன்று சுற்று என்றால் அறுபது பறப்புகள். சுத்தமாகப் பறக்கும் நேரம் மட்டும் ஒன்பது, பத்து மணி நேரம். விமானிகளின் திறனுக்கேற்ற பிரிவு மாறும்போது நடுவர் குழு மாறுவதற்கு ஒவ்வொரு முறையும் இருபது நிமிடம் சேருங்கள்.

இப்போது உங்கள் ஊரில் அந்த மாதத்தில் பறக்கத் தகுந்த மணி நேரம் சராசரியாக எவ்வளவு கிடைக்கிறது என்று அந்த ஓடுதளத்திலேயே பறக்கும் பழைய ஆட்களிடம் கேளுங்கள். காலைப் பனிமூட்டம் எத்தனை மணிக்கு விலகும், பிற்பகல் இடிமேகம் எத்தனை மணிக்குக் கட்டும் என்று அவர்கள் கைவிரலில் சொல்வார்கள். அவர்கள் சொல்வதில் பாதிதான் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாதியில் உங்கள் முதல் சுற்று எல்லாப் பிரிவுக்கும் அடங்குகிறதா? அடங்கவில்லை என்றால் பதிவுகளின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வையுங்கள். எல்லாரையும் சேர்த்துக்கொண்டு ஒருவரையும் முழுதாகப் பறக்கவிடாமல் அனுப்புவதுதான் மிகப் பெரிய மனக்கஷ்டம், நான் பட்டிருக்கிறேன்.

2. அனுமதிகளை மாற்று நாளோடு சேர்த்தே வாங்குங்கள்

போட்டி உயரத்தில் ஏரோபாட்டிக்ஸ் பறக்க அநேகமாக எல்லா நாட்டிலும் தனி அனுமதி வேண்டும். உதாரணத்துக்கு, அமெரிக்க விதிப்படி சிறப்பு அனுமதி இல்லாமல் 1,500 அடிக்குக் கீழே ஏரோபாட்டிக்ஸ் செய்யக்கூடாது. பார்வைத்தூரம் மூன்று மைலுக்குக் குறைவாக இருந்தாலும் கூடாது. விண்ணப்பத்தைக் குறைந்தது ஒன்றரை மாதம் முன்னால் கொடுத்துவிடுங்கள். மூன்று மாதம் என்றால் நிம்மதி. திருத்தம் கேட்டுத் திருப்பி அனுப்பினால் மறுபடி கொடுக்க நேரம் வேண்டுமே.

விண்ணப்பத்தோடு பொதுவாகக் கேட்பவை: பாக்ஸின் நான்கு மூலைகளின் ஆயத்தொலைவு, வரைபடம், மேல் கீழ் உயர வரம்பு, நாள் மற்றும் நேரம், பொறுப்பாளர் பெயர், ஓடுதள உரிமையாளரின் ஒப்புதல் கடிதம், அவசரகாலத் திட்டம், காப்பீட்டுச் சான்று. பாக்ஸுக்குக் கீழே வீடோ சாலையோ இருந்தால் அதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். அவர்களாகக் கண்டுபிடித்தால் வேலை தள்ளிப்போகும்.

இங்கே மூன்று பொறிகள் இருக்கின்றன. மூன்றிலும் நான் சிக்கியிருக்கிறேன்.

முதலாவது, நாட்கள். போட்டி சனி, ஞாயிறு என்றால் அனுமதி வெள்ளி முதல் திங்கள் வரை கேளுங்கள். வெள்ளி பயிற்சிக்கு, திங்கள் மாற்று நாள். நாட்களைக் குறைப்பது ஒரு போன் பேச்சில் முடியும். கூட்டுவது அந்த வாரத்தில் நடக்காத காரியம். விடுமுறை நாளில் அதிகாரி கிடைக்கவே மாட்டார்.

இரண்டாவது, நேரம். நோட்டாம் (விமானிகளுக்கான அறிவிப்பு), மெட்டார் (விமானநிலையத்தின் நடப்பு வானிலை அறிக்கை), டாஃப் (அதன் வானிலை முன்னறிவிப்பு) எல்லாமே உலகப் பொது நேரத்தில் வரும். உள்ளூர் நேரத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, வெளியான நோட்டாமைப் படித்துப் பார்க்காமல் விட்டால், போட்டி நாள் காலையில் உங்கள் வான்வெளி இன்னும் தொடங்கியே இருக்காது. வெளியான அன்றே இரண்டு பேர் தனித்தனியாகப் படித்து, உள்ளூர் நேரமாக மாற்றி, ஒப்பிட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, உயரம். அனுமதியில் உயர வரம்பு கடல் மட்டத்திலிருந்து எழுதப்பட்டிருக்கலாம். போட்டி விதிநூல் தரையிலிருந்து பேசும். போட்டி விமானிகள் பலர் தரையில் பூஜ்யம் வரும்படி உயரமானியை வைத்துக்கொள்வார்கள். மெட்டாரில் வரும் மேக உயரமோ அந்த விமானநிலையத்தின் தரையிலிருந்து. இந்த நான்கையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, பிரீஃபிங் அறைச் சுவரில் ஒட்டுங்கள். எங்கள் மைதானத்தின் உயரத்தைக் கூட்ட மறந்து ஒரு விமானி பாக்ஸுக்குள் தரைக்கு மிக அருகே வந்ததை நான் கீழே நின்று பார்த்தேன். அந்த இரண்டு விநாடி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

அசல் அனுமதிக் கடிதமும் அதன் நிபந்தனைப் பக்கங்களும் போட்டி முடியும்வரை மைதானத்தில் இருக்க வேண்டும். கைப்பேசியில் இருக்கும் படம் போதாது.

3. பணம்: ஒருவர்கூடப் பறக்காவிட்டால் கையிலிருந்து எவ்வளவு போகும்?

வரவு செலவுக் கணக்கை இந்தக் கேள்வியிலிருந்து தொடங்குங்கள். காப்பீடு, சங்க அங்கீகாரக் கட்டணம், ஓடுதள வாடகை, கூடாரம், கழிப்பறை, ஆம்புலன்ஸ், கோப்பைகள், வெளியூர் நடுவர்களின் தங்குமிடம் எல்லாம் மழை பெய்தாலும் கொடுத்தாக வேண்டியவை. சாப்பாடு, எரிபொருள் முன்பணம், வாகன வாடகை போன்றவை பறக்கும் நாட்களைப் பொறுத்தவை. முதல் பட்டியலின் மொத்தத்தைப் பதிவுகளின் எண்ணிக்கையால் வகுங்கள். அதுதான் நுழைவுக் கட்டணத்தில் திருப்பித் தர முடியாத பகுதி. மீதியைத்தான், சுற்றுகள் நடக்காவிட்டால் திருப்பித் தருவதாகச் சொல்ல வேண்டும்.

இதைப் பதிவுப் படிவத்திலேயே எழுதுங்கள்: எத்தனை சுற்று நடந்தால் எவ்வளவு திரும்பும், மாற்று நாளுக்கு வர முடியாதவருக்கு என்ன, எத்தனை நாளில் பணம் வரும். மழையில் நனைந்து, பறக்காமல் ஊர் திரும்பப் போகிறவரிடம் அன்று மாலை பேசி முடிவு செய்யும் விஷயமில்லை இது.

மாற்று நாளுக்கான ஒரு நாள் செலவை முழுதாகத் தனியே எடுத்து வையுங்கள். ஆம்புலன்ஸையும் கூடாரத்தையும் மாற்று நாளுக்கும் சேர்த்தே பேசி, ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். காப்பீட்டுப் பத்திரத்தில் மாற்று நாளின் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். ஒருமுறை எங்கள் பத்திரத்தில் அது இல்லை. ஞாயிறு இரவு தெரியவந்ததால், நல்ல வெயில் அடித்த திங்கட்கிழமை முழுதும் விமானங்கள் தரையிலேயே நின்றன.

4. விமானி, விமான ஆவணங்களை முந்தைய நாளே முடித்துவிடுங்கள்

போட்டி நாள் காலையில் ஆவணச் சோதனை வைக்காதீர்கள். நல்ல வானத்தின் முதல் ஒரு மணி நேரம் மேசை வரிசையில் கரைந்துபோகும். பதிவின்போதே நகல் வாங்கி, வெள்ளி மாலை அசலைப் பாருங்கள்.

பார்க்க வேண்டியவை: விமானி உரிமம், மருத்துவச் சான்று, விமானத்தின் பதிவு மற்றும் பறப்புத் தகுதிச் சான்று, காப்பீடு, சங்க உறுப்பினர் அட்டை, பாராசூட் மடிப்பு அட்டை. கடைசியாகச் சொன்னதில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். அமெரிக்காவில் செயற்கை இழைப் பாராசூட் 180 நாளுக்குள் மறுபடி மடிக்கப்பட்டிருக்க வேண்டும். உங்கள் நாட்டில் கெடு வேறாக இருக்கலாம். கெடு போட்டி நாளுக்கு முந்தாமல் இருந்தால் மட்டும் போதாது, மாற்று நாளுக்கும் முந்தக்கூடாது.

காப்பீட்டில் ‘ஏரோபாட்டிக்ஸ் போட்டி’ சேர்ந்திருக்கிறதா என்று வாசித்துப் பாருங்கள். சாதாரணப் பறத்தலுக்கு மட்டும் எடுத்த பத்திரங்கள் நிறைய வரும்.

தொழில்நுட்பச் சோதனையில் காக்பிட்டுக்குள் கழன்று கிடக்கும் பொருள் ஏதுமில்லை என்பதை மட்டும் நீங்களே குனிந்து, டார்ச் அடித்துப் பாருங்கள். தலைகீழாகும்போது ஒரு பேனா கட்டுப்பாட்டுத் தண்டின் அடியில் போய்ச் சிக்கிக்கொள்ளும். மழைக்காகக் கதவைத் திறந்து மூடிக்கொண்டே இருக்கும் நாட்களில் துணி, குடை, தண்ணீர்ப் பாட்டில் எல்லாம் உள்ளே சேரும். அதனால் ஒவ்வொரு சுற்றுக்கு முன்னாலும் இந்தச் சோதனை வேண்டும்.

5. மைதானத்தை மழைக்கு ஏற்றபடி அமையுங்கள்

பாக்ஸ் என்பது ஒரு பக்கம் 1,000 மீட்டர் உள்ள சதுரத்தின் மேல் நிற்கும் கண்ணுக்குத் தெரியாத பெட்டி. மூலைகளையும் நடுவையும் வெள்ளைத் துணி அல்லது பலகை வைத்துக் குறிப்பார்கள். நாலு பேர் போனால் அரை நாள் வேலை. துணி என்றால் காற்றில் கிழியும், வெள்ளத்தில் மிதக்கும். ஓரம் முழுக்க ஆணி அடித்து, மேலே மண்மூட்டையும் வையுங்கள். மழைக்குப் பின் புல் வளர்ந்தோ சேறு படிந்தோ குறிகள் மேலிருந்து தெரியாமல் போகும். முதல் விமானி ஏறுவதற்கு முன்னால் யாராவது ஒருவர் மேலே போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

நடுவர்கள் பாக்ஸின் விளிம்பிலிருந்து குறைந்தது 150 மீட்டர் தள்ளி உட்காருவார்கள். சூரியன் முகத்தில் அடிக்காதபடி காலைக்கு ஓரிடம், மாலைக்கு எதிர்ப்பக்கம் ஓரிடம் என்று இரண்டு வைப்பது நல்லது. ஆனால் அந்த இரண்டாவது இடத்துக்குப் போகும் மண்பாதையை மழைக்கு மறுநாள் நடந்து பாருங்கள். ஐந்து நடுவர் என்றால் ஒவ்வொருவருக்கும் ஒரு துணையாளர், ஒரு எழுத்தர். தலைமை நடுவரையும் அவருடைய ஆட்களையும் சேர்த்தால் பதினெட்டுப் பேர். அத்தனை பேரையும் ஏற்றிய வண்டி சேற்றில் புதைந்தால் அன்றைய வானம் போச்சு.

மின்னலுக்கு ஒதுங்க உலோகக் கூரையும் மூடிய கண்ணாடியும் உள்ள வேன் ஒன்று நடுவர் இடத்திலேயே நிற்கட்டும். கூடாரம் மின்னலுக்குப் பாதுகாப்பில்லை. அப்புறம், விமானங்களுக்கு ஹேங்கர் இடம் எத்தனை, வெளியே கட்டிவைக்க வேண்டியவை எத்தனை என்று பட்டியல் போட்டு, கயிறும் தரைக்கொக்கியும் வாங்கி வையுங்கள். சிறிய இரட்டைத்தட்டு விமானங்களைப் புயல்காற்று புரட்டிவிடும்.

6. வானிலை வரம்புகளைப் போட்டிக்கு முன்பே எழுதி ஒட்டுங்கள்

இதுதான் கட்டுரையின் மையம். காற்று இத்தனைக்கு மேல் போனால் நிறுத்துவோம், மேகம் இத்தனைக்குக் கீழே வந்தால் தொடங்கமாட்டோம் என்பதை வெயில் அடிக்கும் ஒரு நாளில், யாரும் யாரையும் அவசரப்படுத்தாத நேரத்தில் முடிவு செய்யுங்கள். போட்டி நாள் அன்று எல்லாருக்கும் பறக்க ஆசை இருக்கும். உங்களுக்கும் இருக்கும். அந்த ஆசையோடு வானத்தைப் பார்த்தால் மேகம் இருப்பதைவிட நூறு மீட்டர் உயரமாகத்தான் தெரியும்.

விதிநூலில் உச்ச அளவுகள் இருக்கும். அவை அனுபவசாலிகளுக்கானவை. அமெச்சூர் போட்டியில் தொடக்கப் பிரிவுக்கு அதைவிடக் கடுமையான வரம்பை நீங்கள் வைக்கலாம், வைக்கவும் வேண்டும்.

காற்று ஏன் இத்தனை முக்கியம் என்று ஒரு கணக்கு. மேலே விநாடிக்கு 10 மீட்டர் காற்று, வரிசை முடிய ஐந்து நிமிடம். விமானி ஒன்றும் திருத்தாவிட்டால் விமானம் 3,000 மீட்டர் தள்ளிப் போயிருக்கும். அதாவது மூன்று பாக்ஸ் தூரம். அதை எதிர்த்துத் திரும்பத் திரும்பத் திருத்துவதில் புதியவருடைய கவனம் முழுக்கப் போய்விடும், உயரத்தைப் பார்க்க மறப்பார். காற்றுப்பை காட்டுவது தரைக்காற்றை. ஐநூறு, அறுநூறு மீட்டர் உயரத்தில் அது வேகமாகவும் வேறு திசையிலும் இருக்கலாம். நடுவர்கள் பக்கமாக விமானத்தைத் தள்ளும் குறுக்குக் காற்றுக்குத் தனி வரம்பு எழுதுங்கள். ஓடுபாதைக்குக் குறுக்கே வீசும் காற்றுக்கு இன்னொன்று. வால்சக்கர விமானங்கள் பாக்ஸில் அழகாகப் பறந்துவிட்டு இறங்கும்போது சிரமப்படும்.

மேகத்துக்கு வருவோம். ஐ.ஏ.சி. விதியில் தொடக்கப் பிரிவுகள் பறக்கும் உயரத்தின் கீழ்வரம்பு 1,500 அடி, இடைநிலைக்கு 1,200 அடி, அட்வான்ஸ்டுக்கு ஏறக்குறைய 200 மீட்டர், அன்லிமிடெடுக்கு ஏறக்குறைய 100 மீட்டர். கீழ்வரம்பு உயரமாக இருப்பவருக்குத்தான் மேகம் தாழும்போது இடம் சுருங்குகிறது. அவர்கள் விமானத்துக்கு எஞ்சின் பலமும் குறைவு, ஒவ்வோர் உருவத்திலும் உயரம் இழந்துகொண்டே வரும். அதனால் நாங்கள் பின்பற்றும் வழக்கம் இது: காற்று அமைதியான நேரத்தைத் தொடக்கப் பிரிவுக்குக் கொடுப்போம். மேகம் கொஞ்சம் தாழ்வாக, ஆனால் விதிக்குள் இருக்கும் நேரத்தை மேல்பிரிவுக்குக் கொடுப்போம். யாருக்காகவும் கீழ்வரம்பைத் தளர்த்தமாட்டோம். ‘இன்று மட்டும் நூறு அடி’ என்று யார் கேட்டாலும் பேச்சே இல்லை.

சில விதிநூல்களில், மேகம் தாழ்ந்திருந்தால் வரிசையின் நடுவில் ஒருமுறை நிறுத்தி உயரம் ஏறிக்கொள்ள அபராதமில்லாமல் அனுமதிக்க இடமுண்டு. உங்கள் நூலில் இருந்தால், யார் முடிவு செய்வது, எந்தப் பிரிவுக்கு என்பதைத் தெளிவாக எழுதுங்கள். ஒரு பிரிவின் பாதிப்பேர் பறந்த பிறகு இந்தச் சலுகையைக் கொடுத்தால் நியாயமில்லை.

7. போட்டி நாள் காலை: முடிவு நேரங்களை அறிவியுங்கள்

விடிவதற்கு முன் டாஃப் பாருங்கள். அது அந்த விமானநிலையத்தைச் சுற்றிய சில கிலோமீட்டருக்கான முன்னறிவிப்பு. உங்கள் மைதானம் மலைக்கு அந்தப்பக்கம் இருந்தால் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ‘டெம்ப்போ’ என்று இருக்கும் பகுதியைக் கவனியுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரத்துக்குக் குறைவாக நீடிக்கும் மாற்றம் என்று அர்த்தம். மோசமான நாளில் நல்ல வானிலை டெம்ப்போவாகப் போட்டிருந்தால், அதுதான் உங்கள் வாய்ப்பு.

திரள்மேகத்தின் அடிமட்டத்தை நீங்களே மதிப்பிடலாம். வெப்பநிலையிலிருந்து பனிப்புள்ளியை (காற்றிலுள்ள ஈரம் நீராகத் தொடங்கும் வெப்பநிலை) கழித்து, ஒவ்வொரு டிகிரிக்கும் 125 மீட்டர் போடுங்கள். காலை 28 டிகிரி, பனிப்புள்ளி 22 என்றால் ஆறு டிகிரி வித்தியாசம், மேகம் ஏறக்குறைய 750 மீட்டரில். மதியம் 32 ஆகும், பனிப்புள்ளி மாறாது என்றால் 1,250 மீட்டர். அப்போது காத்திருக்கலாம். வித்தியாசம் ஏறவே இல்லை என்றால் ஆட்களை வெயிலிலும் சேற்றிலும் நிற்க வைக்காதீர்கள். இது தோராயம்தான். கடைசி முடிவு, அனுபவமுள்ள ஒரு விமானி மேலே போய் உயரமானியைப் பார்த்து ரேடியோவில் சொல்லும் எண்ணில்தான்.

பிறகு முடிவு நேரங்களை அறிவியுங்கள். ‘எட்டு மணிக்குப் பார்ப்போம், பத்துக்குப் பார்ப்போம், ஒன்றுக்குப் பார்ப்போம். மூன்றுக்குள் தொடங்காவிட்டால் இன்று இல்லை.’ இடைப்பட்ட நேரத்தில் மக்கள் தூங்கலாம், சாப்பிடலாம். ‘கொஞ்சம் பொறுங்கள்’ என்று பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை சொல்லிக்கொண்டிருந்தால் மதியத்துக்குள் எல்லாரும் களைத்துவிடுவார்கள்.

8. காத்திருக்கும் நேரத்தில் ஆட்களைக் கலையவிடாதீர்கள்

சாப்பாடு மைதானத்துக்கு வரட்டும், ஆட்கள் சாப்பாட்டைத் தேடிப் போகக்கூடாது. இந்த ஒரு மாற்றமே எங்கள் தொடக்க நேரத்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைத்தது.

அமெச்சூர் போட்டியில் நடுவர்கள் பெரும்பாலும் மற்றப் பிரிவுகளின் விமானிகளே. தொடக்கப் பிரிவு பறக்கும்போது அட்வான்ஸ்டு விமானிகள் நாற்காலியில் இருப்பார்கள். வானிலையால் பிரிவுகளின் வரிசையை மாற்றினால் நடுவர் குழு முழுக்க மாறும். ஆகவே ‘எந்தப் பிரிவு முதலில் பறந்தால் யார் நடுவர், யார் துணை, யார் எழுத்தர்’ என்று இரண்டு மூன்று அட்டவணைகளை முன்பே தயாரித்து வையுங்கள். அன்று காலையில் உட்கார்ந்து யோசித்தால் தலை சுற்றும்.

ஒவ்வொரு வரிசைக்கும் காற்று வலமிருந்து வந்தால் ஒரு படம், இடமிருந்து வந்தால் ஒரு படம். இரண்டையும், எல்லா விமானிகளுக்கும், எல்லா நடுவர்களுக்கும் அச்செடுத்து, நீர் புகாத உறையில், நடுவர் வாரியாகப் பெட்டியில் அடுக்கி வையுங்கள். எழுதப் பென்சில். ஈரத் தாளில் பேனா ஓடாது. காற்றுத் திசை மாறியதாக அறிவித்தால் அடுத்த நிமிடமே உறையை மாற்ற வேண்டும், விமானியின் காக்பிட்டில் ஒட்டிய தாளும் மாற வேண்டும்.

‘அன்னோன்’ என்னும், விமானிகள் முன்பே பார்த்திராத வரிசையை, அடுத்த நாள் அது நடக்கும் என்ற உறுதி வந்த பிறகே கொடுங்கள். அதைப் பறந்து பயிற்சி செய்யக்கூடாது என்பது விதி. சீக்கிரம் கொடுத்துவிட்டுச் சுற்று இரண்டு நாள் தள்ளிப்போனால் வீண் சந்தேகங்கள் கிளம்பும்.

விமானிகளைத் தண்ணீர் குடிக்க வையுங்கள். காலையிலிருந்து பதற்றத்தில் எதுவும் சாப்பிடாமல், குடிக்காமல் இருந்துவிட்டு மூன்று மணிக்குத் திடீரென்று ஏறி ஐந்து, ஆறு ஜி (புவியீர்ப்பைப் போல ஐந்து, ஆறு மடங்கு விசை) இழுப்பது ஆபத்து. உடம்பில் நீர் குறைந்தால் ஜி தாங்கும் சக்தியும் குறையும், கண் சீக்கிரம் இருட்டும். ‘எனக்கு இன்று சரியில்லை’ என்று ஒருவர் சொன்னால், காரணம் கேட்காமல் வரிசையின் கடைசிக்குத் தள்ளுங்கள்.

9. வானம் திறந்ததும்

முதல் சுற்று எல்லாப் பிரிவுக்கும் முடிந்த பிறகே இரண்டாவது சுற்றைத் தொடுங்கள். ஒரு சுற்றாவது முழுமையானால் அந்தப் பிரிவுக்கு முடிவு அறிவிக்கலாம் என்பதே பொதுவான வழக்கம். ஒரு பிரிவைத் தொடங்குவதற்கு முன் விமானிகளின் எண்ணிக்கையைப் பத்து நிமிடத்தால் பெருக்கி, அந்த நேரம் வானம் தாங்குமா என்று கேளுங்கள். எட்டுப் பேருக்கு எண்பது நிமிடம், தெரிவதோ ஐம்பது நிமிடம் என்றால், நாலு பேர் உள்ள பிரிவை முதலில் முடியுங்கள். எங்கள் முதல் போட்டியில் நாலு பேர் உள்ள பிரிவு ஒன்று இருந்தது. அதை முதலில் விட்டிருந்தால் அவர்களுக்காவது கோப்பை கிடைத்திருக்கும்.

விமானங்களை முறைப்படி மேலே அனுப்பும் ஸ்டார்ட்டர்தான் அந்த நேரத்தின் கதாநாயகர். ஒருவர் பாக்ஸில், ஒருவர் வெளியே வட்டமிட்டபடி, ஒருவர் ஓடுபாதை முனையில், ஒருவர் பெல்ட் கட்டிக்கொண்டு. இந்தச் சங்கிலி அறுந்துபோகாமல் அவர் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் மேகம் வருமோ என்ற சந்தேகம் இருக்கும்போது மேலே இரண்டு பேருக்கு மேல் வைக்காதீர்கள். ஏரோபாட்டிக்ஸுக்கு எடை குறைக்க எரிபொருளைக் கொஞ்சமாகத்தான் நிரப்புவார்கள். எக்ஸ்ட்ரா 300 போன்ற விமானங்களில் இறக்கைத் தொட்டிகள் காலியாக இருந்தால்தான் உருவங்கள் செய்யலாம். வட்டமிட்டுக் காத்திருக்க அவர்களிடம் நேரம் கிடையாது.

10. நிறுத்த வேண்டிய நேரம்

நிறுத்தும் அதிகாரத்தைத் தலைமை நடுவர், பாதுகாப்பு அதிகாரி, நீங்கள் ஆகிய மூன்று பேருக்கும் தனித்தனியே கொடுங்கள். ஒருவர் சொன்னாலே நின்றுவிட வேண்டும். மறுபடி தொடங்க மட்டும் மூவரும் சம்மதிக்க வேண்டும். வானத்திலிருக்கும் விமானிக்குச் சொல்ல ஒரே ஒரு சொற்றொடரை முடிவு செய்து, பிரீஃபிங்கில் எல்லாரையும் வாயால் சொல்ல வையுங்கள்.

மின்னல் கண்டு முப்பது விநாடிக்குள் இடி கேட்டால் அது பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே எல்லாரும் வேனுக்குள். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழித்துத்தான் வெளியே. ‘இன்னும் இரண்டே பேர்தான் பாக்கி’ என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். இடிமேகத்துக்கு முன்னால் ஓடிவரும் காற்று, மழை விழும் இடத்திலிருந்து பல கிலோமீட்டர் தள்ளியும் அடிக்கும். தலைக்கு மேல் நீலவானம் இருக்கும்போதே வால்சக்கர விமானம் ஓடுபாதையை விட்டு விலகும் அளவுக்கு அது பலமாக இருக்கும்.

மங்கலான வானத்தில் வெள்ளை விமானம் நடுவர் கண்ணுக்குத் தப்பும். ஓர் உருவத்தைப் பார்க்கத் தவறிய நடுவர், மதிப்பெண்ணுக்குப் பதில் சராசரி என்ற குறி போடுவார். எழுத்தர்களின் தாளில் அந்தக் குறிகள் கூடத் தொடங்கினால், அளவுக்கருவி என்ன சொன்னாலும், சரி, நிறுத்துங்கள். பறப்பவர் உழைப்பைப் பார்க்க ஆளில்லை என்று பொருள்.

11. முடித்துவைக்கும் வேலை

முடிவுகளை ஒட்டியதும் எதிர்ப்புத் தெரிவிக்கும் கால அவகாசத்தை மணி எழுதி அறிவியுங்கள். முழுமையாகாத சுற்றுகளின் தாள்களையும் விமானிகளுக்குக் கொடுத்துவிடுங்கள். செல்லாத மதிப்பெண்ணாக இருந்தாலும், நடுவர் எழுதிய குறிப்பிலிருந்து அவர்கள் கற்றுக்கொள்வார்கள்.

போட்டி சீக்கிரம் முடிந்தால் நோட்டாமை ரத்து செய்யச் சொல்லிப் போன் செய்யுங்கள், வான்வெளி மற்றவர்களுக்குத் திறக்கட்டும். எந்த மணிக்கு எந்த முடிவு, அப்போது மேகம் எவ்வளவு, காற்று எவ்வளவு, எத்தனை பேர் பறந்தார்கள் என்று இரண்டு நாளும் ஒருவர் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வர வேண்டும். அடுத்த ஆண்டு அனுமதி விண்ணப்பத்தோடு அந்த நோட்டின் நகலை நான் இணைக்கிறேன். அதன் முதல் பக்கத்தில், வானம் திறந்த மணியையும் முதல் விமானம் பாக்ஸுக்குள் நுழைந்த மணியையும் அடுத்தடுத்து எழுதச் சொல்லியிருக்கிறேன். போன போட்டியில் அந்த இடைவெளி பதினெட்டு நிமிடம்.